சர்வர் டிஸ்க் சாவி ஒரே ஆளின் தலையில் இருக்கிறது, இதை எப்படி மாற்றுவது?

செக்காலைக்காரன் எழுதியது:

வணக்கம். காரைக்குடியில் ஒரு நகை அடகுக் கடையில் கணினிப் பொறுப்பு என்னுடையது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று 3 கிளை, ஆனால் சர்வர் ஒன்றுதான். முதலாளியின் பழைய வீட்டில் முகப்புப் பக்கம் கடை, அதை ஒட்டிய அறையில் சர்வர். உபுண்டு ஓடுகிறது. 4 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 10 (ஒவ்வொரு தரவும் இரண்டு டிஸ்க்கில் இருக்கும் அமைப்பு), அதன் மேல் லக்ஸ் என்க்ரிப்ஷன், அதாவது லினக்ஸில் டிஸ்க் முழுவதையும் பூட்டி வைக்கும் முறை. ஆபரேட்டிங் சிஸ்டம் தனி எஸ்எஸ்டியில், அதுவும் லக்ஸ்தான். வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், போட்டோ, எந்த நகை எத்தனை கிராம் என்ற விவரம் எல்லாம் அதில் இருப்பதால் என்க்ரிப்ட் செய்தே ஆக வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்று செய்தேன்.

பிரச்சினை பாஸ்பிரேஸ், அதாவது டிஸ்க்கைத் திறக்கும் நீளமான கடவுச்சொல். அது எனக்கு மட்டும்தான் தெரியும். கரண்ட் போய் யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து சர்வர் அணைந்தால், நான் நேரில் போய்த் தட்டினால்தான் டிஸ்க் திறக்கும். இந்தத் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போயிருந்தேன். நத்தம் தாண்டி நடந்துகொண்டிருக்கும்போது காலை ஏழரை மணிக்குப் போன், சர்வர் அணைந்துவிட்டது, ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்கு நகையைத் திருப்ப வந்து வாசலில் நிற்கிறார், கணக்குத் திறக்கவில்லை என்று. வேறு வழியில்லாமல் கூட்டத்துக்கு நடுவில் நின்று காசாளருக்குப் பாஸ்பிரேஸை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொன்னேன். அவர் மூன்று முறை தப்பாகத் தட்டி, சிக்னல் போய், திரும்பக் கூப்பிட்டு, கடை முழுதாக ஓட ஆரம்பித்தபோது மணி 12. அந்த அம்மாவிடம் முதலாளி கைகூப்பி மன்னிப்புக் கேட்டாராம். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது முதலாளியின் மகன், சாவியை ஒரு பென் டிரைவில் போட்டு சர்வரிலேயே செருகி வைத்துவிடலாம், தானாகத் திறந்துகொள்ளும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் மாற்று வழி சொல்லத் தெரியவில்லை. பாஸ்பிரேஸை நான் பாஸ்வேர்டு வால்ட் (பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் மென்பொருள்) ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன், அந்த வால்ட் ஓடுவதும் இதே சர்வரில்தான்.

இன்னொன்றும் உண்டு. போன வாரம் நான்கில் ஒரு டிஸ்க் செத்துவிட்டது. வாரண்டியில் புதியது தருகிறார்கள், பழையதைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

---

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

முதலில் ஒன்று. இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே லக்ஸ் ஹெடர் பேக்கப் எடுங்கள். லக்ஸை இயக்கும் கருவியான கிரிப்ட்செட்டப்பில் அதற்கென்றே லக்ஸ்ஹெடர்பேக்கப் என்ற கட்டளை இருக்கிறது, லக்ஸ் 2 (புதிய பதிப்பு) என்றால் பெரும்பாலும் 16 எம்பி அளவில் ஒரு கோப்பு வரும். எஸ்எஸ்டிக்கு ஒன்று, ரெய்டுக்கு ஒன்று. இரண்டையும் சர்வருக்கு வெளியே வையுங்கள்.

ஏன் இந்த அவசரம் என்றால், பாஸ்பிரேஸ்தான் சாவி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது உண்மையில் சாவி இல்லை. டிஸ்க்கில் உள்ள தரவைப் பூட்டுவது கிரிப்ட்செட்டப் தானாக உருவாக்கிய ஒரு மாஸ்டர் கீ. அந்த மாஸ்டர் கீயை உங்கள் பாஸ்பிரேஸால் பூட்டி டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள ஹெடரில் வைத்திருக்கிறது. பாஸ்பிரேஸ் என்பது சாவி இருக்கும் சின்னப் பெட்டியின் சாவி, அவ்வளவுதான். அந்தப் பெட்டியே போய்விட்டால் பாஸ்பிரேஸ் நெட்டுருவாகத் தெரிந்தும் பயனில்லை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் புது சிஸ்டம் நிறுவும்போது தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டார், சுதாரித்து நிறுத்துவதற்குள் தொடக்கத்தில் சில எம்பி அழிந்துவிட்டது. பின்னால் இருந்த அத்தனை தரவும் ஒரு பைட்டுகூடக் கெடாமல் அப்படியே இருந்தது, பாஸ்பிரேஸ் மூன்று பேருக்குத் தெரியும், ஆனாலும் எதையும் மீட்க முடியவில்லை. ஹெடர் பேக்கப் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

இந்த அமைப்பில் ஒரு நல்லதும் இருக்கிறது. ஒரே மாஸ்டர் கீயைப் பல பாஸ்பிரேஸ்களால் தனித்தனியாகப் பூட்டி வைக்கலாம். லக்ஸ் 1-இல் 8 இடம், லக்ஸ் 2-இல் 32 வரை. ஆகவே ஒரே பாஸ்பிரேஸை நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. உங்களுக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று, உறையில் போட்டு வைக்க ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். யாராவது வேலையை விட்டுப் போனால் அவருடைய இடத்தை மட்டும் அழித்தால் போதும், மற்றவர்களுக்கு எதுவும் மாறாது.

ரோட்டில் நின்று சத்தமாகச் சொன்னது போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள், இன்றே மாற்றுங்கள். ஆனால் வரிசை முக்கியம்: புதியதைச் சேர்த்து, புதியதால் திறக்கிறதா என்று சோதித்து, அதற்கு அப்புறம்தான் பழையதை நீக்க வேண்டும். தலைகீழாகச் செய்து வெளியே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மாற்றி முடித்ததும் ஹெடர் பேக்கப்பைத் திரும்ப எடுத்துவிட்டுப் பழைய பேக்கப்பை அழியுங்கள். பழைய பேக்கப்பில் பழைய பாஸ்பிரேஸ் உயிரோடுதான் இருக்கும், இரண்டும் ஒருவர் கையில் சேர்ந்தால் அவர் டிஸ்க்கைத் திறந்துவிடலாம். அப்படி யார் கையிலாவது போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் ரீஎன்க்ரிப்ட் செய்து மாஸ்டர் கீயையே மாற்றுவதுதான் வழி. லக்ஸ் 2-இல் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம், முழு டிஸ்க்கையும் எழுதித் தீர்க்க வேண்டும் என்பதால் நேரம் பிடிக்கும்.

பென் டிரைவ் வேண்டவே வேண்டாம். பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டுப் போவதுதான் அது, சர்வரைத் தூக்குகிறவன் பென் டிரைவைப் பிடுங்கி வைத்துவிட்டா போவான். அப்புறம் அந்த வால்ட், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். இத்தனை நாள் உங்கள் ஞாபகம் மட்டும்தான் காப்பாற்றியிருக்கிறது.

---

புதுவயல் எழுதியது:

ரஸ்தா அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கரண்ட் போனால் காலை ஏழரை மணிக்கு யார் போய்த் தட்டுவது என்ற கேள்விக்கு அது பதில் ஆகவில்லை. தானாகத் திறக்கத்தான் வேண்டும், அதற்கு நல்ல வழி இருக்கிறது.

டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் உங்கள் சர்வரில் இருக்கும். அதில் சாவியைக் கட்டி வைத்தால் அதே மதர்போர்டு, அதே பூட் நிலை (சர்வர் எழும் விதம்) இருந்தால்தான் சாவியைத் தரும். டிஸ்க்கை மட்டும் கழற்றிப் போனால் திறக்காது. சர்வரையே தூக்கிப் போனால்? பிளக்கைச் செருகியதும் டிஸ்க் தானாகத் திறந்து லாகின் வரை வந்து நிற்கும். அடகுக் கடைக்கு வருகிற திருடன் பெட்டியோடு தூக்குகிறவன், அதனால் டிபிஎம் மட்டும் போதாது. பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலும் டிபிஎம் சாவி தர மறுக்கலாம், கையில் வேறு பாஸ்பிரேஸ் கட்டாயம் இருக்க வேண்டும்.

டேங், கிளெவிஸ் என்ற ஜோடியைப் பாருங்கள். டேங் ஒரு சின்ன சர்வர், வேறொரு இடத்தில் இருக்கும். கிளெவிஸ் உங்கள் சர்வரில் இருக்கும், பூட் ஆகும்போது டேங்கைத் தொடர்புகொண்டு, பதில் கிடைத்தால்தான் டிஸ்க் திறக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, உங்கள் சாவி டேங்கிடம் போவதே இல்லை. டேங் தன் பங்குக் கணக்கை மட்டும் போட்டுத் தருகிறது, மீதிக் கணக்கை உங்கள் சர்வர் போட்டுச் சாவியைத் திரும்ப உருவாக்கிக்கொள்கிறது. டேங்கை யாராவது திருடினாலும் அதற்குள் உங்கள் சாவி இல்லை, நடுவில் வயரை ஒட்டுக் கேட்டாலும் எதுவும் கிடைக்காது.

தேவகோட்டைக் கிளையில் ஒரு சின்னப் பெட்டியில் டேங் வையுங்கள், விபிஎன் (இணையத்துக்குள் போடும் பூட்டிய தனிப் பாதை) வழியாக இணையுங்கள். எஸ்எஸ்டி டிபிஎம் வழியாகத் திறக்கட்டும், நெட்வொர்க்கும் விபிஎன்னும் எழுந்த பிறகு தரவு ரெய்டு டேங் வழியாகத் திறக்கட்டும். எந்த டிஸ்க்கை எப்படித் திறப்பது என்று எழுதியிருக்கும் கிரிப்ட்டேப் கோப்பில் அந்த வரியில் நெட்டெவ் என்று குறித்துவிட்டால் நெட்வொர்க் வரும் வரை காத்திருக்கும்.

---

ஆத்தங்குடி எழுதியது:

புதுவயல், இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, தயவுசெய்து யாரும் இப்படியே செய்துவிடாதீர்கள்.

விபிஎன் சாவி எங்கே இருக்கிறது? எஸ்எஸ்டியில். எஸ்எஸ்டி எதனால் திறக்கிறது? டிபிஎம்மால், தானாக. அப்படியானால் திருடியவன் சர்வரை மதுரையில் ஒரு அறையில் வைத்து இணைய கேபிளைச் செருகினால் எஸ்எஸ்டி திறக்கும், விபிஎன் தேவகோட்டைக்குப் போய்ச் சேரும், டேங் பதில் சொல்லும், ரெய்டும் திறந்துவிடும். டேங் வைப்பதன் முழுப் பொருளே, சர்வர் தன் இடத்தில் இருந்தால்தான் திறக்கும் என்பது. எங்கிருந்து வேண்டுமானாலும் அதைத் தொட முடிந்தால் அந்தப் பொருளே போய்விட்டது. விபிஎன் வைத்தே ஆக வேண்டுமென்றால் கடையின் நிலையான ஐபி முகவரியிலிருந்து வந்தால் மட்டும் ஏற்கும்படி தேவகோட்டையில் தடுக்க வேண்டும்.

ஆனால் இவருக்கு அதைவிட எளிய வழி கையிலேயே இருக்கிறது. முதலாளியின் பழைய வீடு என்கிறார். நம் வட்டாரத்துப் பழைய வீடு என்றால் முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவில் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு கிடக்கும். முகப்பில் சர்வர் இருக்கட்டும், பின்கட்டில் பூட்டிய அலமாரிக்குள் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றில் டேங் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள் இழுங்கள், 60, 70 மீட்டர் வந்தாலும் சாதாரண ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். டேங்குக்கு இணையமே கூடாது. முகப்பில் புகுந்து சர்வரைத் தூக்குகிறவனுக்குப் பின்கட்டில் ஒரு சின்னப் பெட்டி இருப்பது தெரியவும் தெரியாது. எஸ்எஸ்டியையும் அதே டேங்கில் கட்டிவிடலாம், விபிஎன் சிக்கல் இல்லாததால் பூட் நேரத்தில் சாதாரண நெட்வொர்க் வந்தாலே போதும்.

டிபிஎம், டேங் இரண்டும் சேர்ந்தால்தான் திறக்க வேண்டும் என்றும் கிளெவிஸில் கட்டலாம். குறியாக்க அறிஞர் அடி ஷமீர் 1979-இல் வெளியிட்ட ரகசியப் பங்கீட்டு முறைதான் அது, இத்தனை பங்கில் இத்தனை சேர்ந்தால்தான் ரகசியம் வெளிவரும் என்பது கணக்கு. ஆனால் முதலில் டேங் மட்டும் வைத்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் கட்டினால் எது உடைந்தது என்று தெரியாது.

டேங் பெட்டி பழுதானால் தானாகத் திறப்பதும் நின்றுவிடும் என்பதை மறக்காதீர்கள். கையால் தட்டும் பாஸ்பிரேஸ் எப்போதும் ஒரு இடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

---

புதுவயல் எழுதியது:

உண்மை, நான் அதை யோசிக்கவே இல்லை. எங்கள் அலுவலகத்தில் நான் வைத்திருப்பதும் கிட்டத்தட்ட இதே அமைப்பு, இன்றே போய் ஐபி தடுப்பைப் போடுகிறேன். நன்றி.

---

பள்ளத்தூர் ஓய்வு எழுதியது:

தம்பிகளா, நான் கணினிக்காரன் இல்லை, வங்கியில் 30 வருஷம் காசாளராகவும் பிறகு அதிகாரியாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எல்லோரும் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

வங்கியில் பணப்பெட்டகத்தை ஒரு ஆள் தனியாகத் திறக்க முடியாது. சாவி இரண்டு, ஆள் இரண்டு. இதைக் கூட்டுப் பொறுப்பு என்போம். இதோடு நின்றுவிடவில்லை, இரண்டு சாவிக்கும் மாற்றுச் சாவி உண்டு, அந்த மாற்றுச் சாவி ஒருபோதும் அதே கிளையில் இருக்காது. அரக்கு முத்திரை வைத்த உறையில் வேறொரு கிளையில் ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்திருப்போம். ஒருவர் விடுப்பில் போனால் சாவிப் பதிவேட்டில் யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கைமாறும். செக்காலைத் தம்பி பாதயாத்திரைக்குக் கிளம்பும் முன் இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் நத்தத்தில் நின்று கத்தியிருக்க வேண்டாம்.

ஆகவே ரஸ்தா சொன்ன அந்த மூன்றாவது பாஸ்பிரேஸை அச்சடித்து உறையில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேல் முதலாளியும் நீங்களும் குறுக்காகக் கையெழுத்திட்டுத் தேதி போடுங்கள். உறை இரண்டு வேண்டும். ஒன்று முதலாளி வீட்டுப் பெட்டகத்தில், இன்னொன்று தேவகோட்டைக் கிளையிலோ வங்கி லாக்கரிலோ. ஒரே கூரைக்குக் கீழே இரண்டும் கூடாது, தீ விபத்துக்கு அது இரண்டு உறை என்று தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை எடுத்து ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஆட்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய காலத்தில் ஏஜெண்டு மூன்று வருஷம் இருப்பார், அப்புறம் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். ஆள் மாறுவான் என்று எதிர்பார்த்தே தொழிலை அமைத்தார்கள். நீங்கள் இல்லாத ஒரு நாளை மனதில் வைத்து அமையுங்கள் தம்பி. தப்பாக நினைக்க வேண்டாம், அந்தக் கடையில் அடகு இருப்பது ஊரார் வீட்டுத் தாலிக்கொடி.

---

செக்காலைக்காரன் எழுதியது:

அய்யா, தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, நீங்கள் சொன்னதுதான் எனக்கு நேராகப் போய்த் தைத்தது. ஒரு சந்தேகம். பாஸ்பிரேஸைப் பாதியாகப் பிரித்து முதல் பாதியை முதலாளியிடமும் மறு பாதியை நானும் வைத்துக்கொண்டால் வங்கியின் இரட்டைச் சாவி போல ஆகிவிடாதா?

டிஸ்க் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, வாரண்டிக்காரர் தினமும் போன் செய்கிறார்.

---

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

பாதியாக வெட்டுவது வேண்டாம். பாதி தெரிந்தவனுக்கு மீதிப் பாதியைத்தான் ஊகிக்க வேண்டியிருக்கும், பூட்டின் பலம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். ஒருவர் பாதியைத் தொலைத்தால் இரண்டு பேருமே வெளியே. உண்மையிலேயே இருவர் சேர்ந்துதான் திறக்க வேண்டுமென்றால் ஆத்தங்குடி சொன்ன ஷமீர் முறையில் மூன்று பங்காக்கி, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி வையுங்கள், ஒரு பங்கு மட்டும் கையில் இருப்பவருக்கு எதுவுமே தெரியாது. உங்கள் கடை அளவுக்குக் கையெழுத்திட்ட உறையே போதும் என்பது என் எண்ணம்.

உறைக்கான பாஸ்பிரேஸை நீங்களாக யோசிக்காதீர்கள். சிஸ்டம்டி கிரிப்ட்என்ரோல் என்ற லினக்ஸ் கருவியில் ரெக்கவரி கீ (அவசரத்துக்கான மீட்புச் சாவி) உருவாக்கும் வசதி இருக்கிறது, லக்ஸ் 2-க்கு மட்டும் வேலை செய்யும். 64 எழுத்து, எட்டெட்டாகக் கோடு போட்டுப் பிரித்துத் தரும், பெரும்பாலான நாட்டு விசைப்பலகைகளில் ஒரே இடத்தில் இருக்கும் 16 எழுத்துகளை மட்டும் வைத்து அமைத்தது. பதற்றத்தில் தட்டும்போது அதன் அருமை தெரியும்.

டிஸ்க் விஷயம். செத்த டிஸ்க்கில் நீங்கள் எதையும் அழிக்க முடியாது, ஆனால் ஆய்வகத்தில் அதன் சர்க்யூட் போர்டை மாற்றிப் படிக்க முடியும். ரெய்டு 10 என்பதால் அந்த ஒரு டிஸ்க்கிலேயே லக்ஸ் ஹெடரின் பிரதி முழுதாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் அதைப் படிப்பவனுக்குத் தடையாக நிற்பது அந்த நாளில் இருந்த பாஸ்பிரேஸின் பலம் மட்டும்தான், அதாவது நீங்கள் ரோட்டில் நின்று சொன்ன அதே பாஸ்பிரேஸ். இப்போது சர்வரில் மாற்றினாலும் செத்த டிஸ்க்கில் பழையதுதான் உறைந்து கிடக்கும். ஆகவே இந்த டிஸ்க்கை அனுப்பாதீர்கள், வாரண்டியை விட்டுவிட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், பழையதைத் தட்டு வரை துளைபோட்டு அழியுங்கள். நீளமான, யாருக்கும் தெரியாத பாஸ்பிரேஸாக இருந்திருந்தால் தயங்காமல் அனுப்பலாம் என்றிருப்பேன். அடுத்த முறை சர்வர் வாங்கும்போது பழுதான டிஸ்க்கை நாமே வைத்துக்கொள்ளும் வாரண்டி கேளுங்கள், சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்குத் தருகின்றன.

டிஸ்க்கே தன்னைத்தானே என்க்ரிப்ட் செய்யும் மாடல் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று யாராவது சொல்வார்கள். 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில எஸ்எஸ்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது, பாஸ்வேர்டுக்கும் உள்ளே இருக்கும் சாவிக்கும் தொடர்பே இல்லாமல் அமைத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள், பாஸ்வேர்டு தெரியாமலே திறக்க முடிந்தது. அதற்குப் பிறகு நான் லக்ஸை விட்டு நகரவில்லை.

இன்னொன்று. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் திறந்தேதான் இருக்கிறது. உள்ளே ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) நுழைந்தால் இந்த என்க்ரிப்ஷன் எதையும் தடுக்காது, அதற்கு பேக்கப்தான். பேக்கப் டிஸ்க்கின் சாவியையும் அதே உறையில் சேர்த்துவிடுங்கள்.

---

செக்காலைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

ஹெடர் பேக்கப் அன்றே எடுத்தேன். பழைய பாஸ்பிரேஸை நீக்கிவிட்டேன், எனக்கும் முதலாளி மகனுக்கும் தனித்தனி இடம். டேங் பெட்டி அடுப்படிக்கு அடுத்த அறையில் ஆச்சியின் அலமாரிக்குள் இருக்கிறது. கேபிள் 58 மீட்டர் ஆனது, வளவுத் தூண்களில் ஆணி அடிக்கக்கூடாது என்று ஆச்சி கண்டிப்பாகச் சொன்னதால் உத்தரத்தின் மேல் ஓரமாகவே கொண்டு போனோம். செத்த டிஸ்க்கை முதலாளி முன்னிலையில் நான்கு இடத்தில் துளைபோட்டோம்.

போன ஞாயிறு கடை மூடியிருந்தபோது சர்வரை அணைத்துவிட்டு இரண்டு சோதனை. முதலில் எல்லாம் இணைந்தபடி, யாரும் எதையும் தொடாமல் இரண்டே நிமிடத்தில் எழுந்தது. அப்புறம் டேங் கேபிளைப் பிடுங்கிவிட்டு நான் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன், முதலாளி மகன் உறையைப் பிரித்து 64 எழுத்தையும் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் முறை திறக்கவில்லை. நடுவில் இருக்கும் கோடுகளையும் சேர்த்துத் தட்ட வேண்டும் என்பதை நான் உறையில் எழுதவில்லை. இரண்டாம் முறை உள்ளிருந்து "வந்திருச்சு அண்ணே" என்று குரல் கேட்டது.

இப்போது உறைக்குள் வைத்த தாளில் கோடுகளையும் தட்டவும் என்று பெரிய எழுத்தில் சேர்த்து, இரண்டு உறைகளையும் புதிதாக ஒட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஒன்று ஆச்சியின் பெட்டகத்தில், ஒன்று தேவகோட்டையில். பள்ளத்தூர் அய்யா சொன்ன சாவிப் பதிவேட்டுக்கு ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கி முதல் வரி எழுதியாகிவிட்டது.